என் மலை மண் இறங்கிப்போன இடம்

தோட்டத்துத் தம்பிகளே, ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கண்டக்டராகக் காலம் தள்ள எந்தக் குணம் வேண்டும் என்று கேட்டால், என் வயதுக்காரர்கள் உழைப்பு, நேர்மை, அதிகாலை விழிப்பு என்று அடுக்குவார்கள். அவை மூன்றும் என்னிடம் சுமாராகத்தான் இருந்தன. தாராளமாக இருந்தது பொறாமை. மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு விஷயங்களும் அந்தப் பொறாமை கற்றுக்கொடுத்தவைதான். அதனால் அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாய்வு நாற்காலியில் கிடக்கும் கிழவனுக்கு வெட்கப்பட நேரம் நிறைய இருக்கிறது, ஆசைதான் இல்லை.

ஜெர்மன் சண்டை, அதாவது முதல் உலக யுத்தம், முடிந்த கையோடு, கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் சாலைக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் எனக்கு மேல் டிவிஷனைக் கொடுத்தார்கள். மேல் டிவிஷன் என்றால் ஒரு மலை. பெரிய மலை இல்லை. என்னைப் போன்ற தொப்பைக்காரன் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினால் ஏறிவிடலாம். காட்டை அழித்துக் காப்பி போட்டு, காப்பி நொடித்த பிறகு ரப்பர் நட்ட இடம். மண் செக்கச் சிவப்பாக இருக்கும். மலையின் காலடியில் கிடந்த பள்ளம் கீழ் டிவிஷன். அங்கே மண் சாம்பல் நிறம். யாரோ ஒரு சீன முதலாளி அதில் மரவள்ளி போட்டுச் சத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டுப் போட்டது போட்டபடி போய்விட்டாராம். பிறகு பல வருஷம் லாலாங் புல் ஆள் உயரத்துக்கு நின்றது. அதையும் திருத்தி, என் மலையில் நட்ட அதே சமயத்தில் அங்கேயும் ரப்பர் நட்டிருந்தார்கள்.

நான் காலையில் மலை உச்சியில் நின்று கீழ் டிவிஷனைப் பார்ப்பேன். மரவள்ளி தின்று தீர்த்த மண், காய்ச்சல் பிடித்த பள்ளம், தேறாத மரங்கள். நம்மைவிட மோசமான இடம் ஒன்று கண்ணுக்கு நேரே இருந்தால் காலைக் கோப்பி தனி ருசியாக இருக்கும். உங்களுக்கு அந்த அனுபவம் இல்லையென்றால் நீங்கள் நல்லவர்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படாது.

எனக்குத் தொழில் பழக்கிய பழைய கண்டக்டர் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். "துரை கண்ணுல புல்லு படக் கூடாது. மத்ததெல்லாம் தானா நடக்கும்." அவர் மட்டும் அப்படி இல்லை. அன்றைக்கு எல்லாத் தோட்டத்திலும் அதுதான் சட்டம். புல் என்பது ரப்பர் மரத்தின் சாப்பாட்டைத் திருடும் கள்ளன் என்று வெள்ளைக்காரத் துரைமார் நம்பினார்கள். நாங்கள் துரைமாரை நம்பினோம். மரத்துக்கு மரம் நடுவே இருக்கும் தரையை மண்வெட்டியால் செதுக்கி, சருகையும் கூட்டி அள்ளி, மொட்டையாக வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு உங்களுக்குத் தரையை மூடும் கொடிக்கு விதை மூட்டை மூட்டையாக வருகிறது. வரிசைக்கு வரிசை பச்சையாகப் படரவிட்டு, அதைக் காட்டிப் பெருமைப்படுகிறீர்கள். எங்கள் காலத்தில் அப்படி விட்டிருந்தால் அன்று மாலையே பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும்.

அந்த மொட்டையடிக்கும் கலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. என்னிடம் மருதாயி அக்காவின் புல்வெட்டுக் கும்பல் இருந்தது. மருதாயி அக்கா ஒரு வரிசைக்குள் இறங்கினால் புல் தானாகவே பிடுங்கிக்கொண்டு ஓடும் என்று சொல்வார்கள். என் மலையில் சோற்றைக் கொட்டிப் பிசைந்து சாப்பிடலாம். துரை வரும்போதெல்லாம் கைத்தடியால் தரையைத் தட்டுவார். டொக் டொக்கென்று சிமெண்டுத் தரைபோலச் சத்தம் வரும். "குட். வெரி க்ளீன்" என்பார். அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

இந்த நிலையில்தான் கீழ் டிவிஷனுக்கு வேதமுத்து வந்து சேர்ந்தார்.

என்னைவிட வயதில் இளையவர். எப்போதும் சிரித்த முகம். சட்டைப் பொத்தான் ஒன்று எப்போதும் இருக்காது. வந்த முதல் வாரமே என் வீடு தேடி வந்து, "அண்ணே, பள்ளத்துல காய்ச்சலு ஆளப் போட்டு அடிக்குது. பாதி ஜனம் படுத்துக் கெடக்கு. இருக்கிற ஆளு பால்வெட்டுக்கே பத்தல. புல்லு வெட்ட ஆளுக்கு எங்க போறது? உங்க கும்பல்ல கொஞ்சம் குடுத்து உதவுங்கண்ணே" என்று கேட்டார்.

"தரலாம்தான் தம்பி, ஆனா என் மலையில வேல தலைக்கு மேல கெடக்கே" என்றேன். என் மலையில் அப்போது ஒரு புல்கூட இல்லை. மருதாயி அக்காவின் கும்பல் வேலையில்லாமல் பாதைக் கற்களின் இடுக்கில் குச்சியால் குடைந்துகொண்டிருந்தது. வேதமுத்து மனம் கோணாமல், "சரிண்ணே, அப்புறமாப் பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சில வருஷங்கள் போயின. கீழ் டிவிஷனில் புல் முழங்காலுக்கு வளர்ந்தது. மரத்தைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் செதுக்கினார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். ஆள் இல்லாத பள்ளம் என்று துரையும் அதன் பக்கம் அதிகம் போகாமல் இருந்தார். நான் மலையிலிருந்து பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். ஆனால் ஒரு நாள் பூரிப்பு நின்றது. அந்தப் பள்ளத்து மரங்கள் பருத்துக்கொண்டு வந்தன. இலை கறுப்புப் பச்சையாக மின்னியது. ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் வேதமுத்துவின் ஆட்கள் சுமக்கமாட்டாமல் வாளியைச் சுமந்து வந்தார்கள். என் ஆட்களின் வாளி நடந்துவரும்போது கிணிகிணியென்று ஆடியது. நிறைந்த வாளி ஆடாது, தம்பிகளே.

தோட்டத்தில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தார்கள்: கைராசி. வேதமுத்து தொட்டால் துளிர்க்கும் என்றார்கள். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் யாராவது வாழைக்கன்று வைத்தால் அவரைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார்கள். கறிவேப்பிலைக்கும் அவர், மல்லிகைப் பதியனுக்கும் அவர். ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்தபோது என் கொல்லையிலேயே, என் மண்வெட்டியாலேயே, வேதமுத்து ஒரு முருங்கைக் கொம்பை நட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மனைவி செம்பில் தண்ணீரோடு நிற்கிறாள்.

"வாங்கண்ணே. அண்ணிதான் கூப்ட்டாங்க" என்றார்.

அவர் போனதும் மனைவியிடம் கேட்டேன். "ஏன், எனக்குக் கையில்லையா?"

"இருக்கு. போன தடவ நீங்க வச்சதும் இருக்கு, அங்க பாருங்க" என்று வேலி ஓரத்தைக் காட்டினாள். அங்கே காய்ந்த குச்சி ஒன்று நின்றது. துணி காயப்போடத்தான் அது பயன்பட்டது.

வேதமுத்துவின் முருங்கை துளிர்த்தது. கோபத்தில் நான் அதன் கீரையை மற்றவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டேன்.

இதெல்லாம் வெறும் வயிற்றெரிச்சலோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தச் சமயம் பார்த்து, சாலையோரமாக இருந்த சரிவுக் காட்டைத் திருத்தி, ரப்பர் நட்டுப் புதுக்காடு போடப் போவதாகச் செய்தி வந்தது. அதற்கு ஒரு பெரிய கண்டக்டர். அவருக்குச் சாலையை ஒட்டிப் பலகைத் தரை போட்ட புது வீடு. அந்த வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கிள்ளானுக்குப் போகும் வண்டி தெரியும். எனக்கு இரண்டு பெண்கள். கிள்ளானில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மலையிலிருந்து அங்கே போய்வர வழியில்லாமல் இரண்டு பேரும் வீட்டிலேயே கோழி மேய்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த வூட்டுக்குப் போனா புள்ளைங்க நாலு எழுத்துப் படிக்கும்ங்க" என்று மனைவி சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சும்மா இருந்ததுதான் எனக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

போட்டியில் இரண்டே பேர்: நானும் வேதமுத்துவும். துரைக்கு இஷ்டமான சுத்தம் என்னிடம் இருந்தது. துரையின் முதலாளிகளுக்கு இஷ்டமான பால் அவரிடம் இருந்தது.

கைராசியோடு எப்படிப் போட்டி போடுவது? அது பொய் என்று காட்ட வேண்டும். அந்த ஆள் ஏதோ செய்கிறார். மாட்டெருவைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார். அல்லது மீன் குப்பையைப் புதைக்கிறார். கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். மத்தியான வேலை முடிந்து ஜனம் லயத்துக்குப் போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ் டிவிஷனுக்குள் நுழைந்தேன். முதல் கொத்திலேயே ஆச்சரியம். மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மண்புழு நெளிந்தது. எருவோ மீனோ ஒன்றும் இல்லை. ஒரு பிடி மண்ணைத் தொப்பியில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

அங்கிருந்து என் மலையில் ஒரு கொத்து போட்டேன். மண்வெட்டி துள்ளித் திரும்பி என் கணுக்காலைப் பதம் பார்த்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஊற்றுக்காக வெட்டாமல் விட்டிருந்த காட்டு ஓரத்தில் ஒரு பிடி எடுத்தேன். லயத்து ஜனம் சாணி போட்டுக் கீரை வளர்க்கும் தோட்டத்தில் ஒரு பிடி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடலிலும் ஒரு பிடி. அங்கே மண் எடுக்கக் கடப்பாரை வேண்டியிருந்தது. கண்டக்டர் இடம் இடமாகத் தோண்டுகிறார் என்று லயம் முழுக்கப் பேச்சு. மரவள்ளிச் சீன முதலாளி புதைத்த தங்கம் என்றார் ஒருவர். பழைய காப்பித் தோட்டத் துரையின் வெள்ளிப் பாத்திரம் என்றார் இன்னொருவர். மறுநாள் நான் தோண்டிய குழிகளெல்லாம் என் உதவி இல்லாமலே இரண்டு மடங்கு ஆழமாகியிருந்தன.

வீட்டுப் பின்பக்கம் கொட்டாங்குச்சிகளில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு மண்ணையும் ஒவ்வொன்றில் நிரப்பி வரிசையாகத் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினேன். மனைவி வந்து பார்த்தாள்.

"என்னங்க இது, கொட்டாங்குச்சிக்குப் பூசையா?"

"சும்மா இரு. மண்ணு தண்ணி குடிக்குதான்னு பாக்கிறேன்."

"நீங்க என்ன குடிச்சீங்கன்னு நான் பாக்கணும்" என்று என் வாயருகே மோந்து பார்த்துவிட்டுப் போனாள்.

காட்டு மண் ஊற்றிய தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டு, இன்னும் கொண்டா என்பதுபோல இருந்தது. கீரைத் தோட்டத்து மண்ணும் அப்படித்தான். வேதமுத்துவின் மண் சற்று நிதானித்துக் குடித்தது. பெரட்டுத் திடல் மண்ணில் தண்ணீர் மேலேயே குளம் கட்டி நின்றது. தினம் அத்தனை கால்கள் மிதிக்கும் மண் வேறெப்படி இருக்கும்? கடைசியாக என் மலை மண்ணைப் பார்த்தேன். அதிலும் தண்ணீர் மேலேயே குளம் கட்டி நின்றது. ஈ ஒன்று வந்து அதில் குளித்தது.

நான் மரம் வளர்க்கவில்லை, தம்பிகளே. மரங்களை நிறுத்தி வைத்து ஒரு பெரட்டுத் திடலைப் பராமரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒன்று புரியவில்லை. மரவள்ளி தின்ற பள்ளத்துக்கு இந்தச் சத்து எங்கிருந்து வந்தது? லாலாங் மூடிக் கிடந்த வருஷங்களில் கொஞ்சம் தேறியிருக்கலாம். அது மட்டும் போதாதே. மறுநாள் மறுபடியும் இறங்கினேன். மலை முடிந்து பள்ளம் தொடங்கும் எல்லையில், வேதமுத்துவின் புல்லுக்குள் ஆழமாகத் தோண்டினேன். மேலே ஒரு சாண் ஆழத்துக்குச் சிவப்பு மண். அதற்குக் கீழேதான் பள்ளத்தின் சொந்தச் சாம்பல் மண்.

சிவப்பு. என் மலையின் சிவப்பு.

அப்படியே குந்திவிட்டேன். நான் செதுக்கிச் செதுக்கி மொட்டையாக்கிய சரிவில் மழை விழுந்து, மேல் மண்ணை அரைத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறது. கீழே வேதமுத்து ஆள் இல்லாமல் விட்ட புல் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. நிமிர்ந்து மலையைப் பார்த்தேன். என் மரங்களின் வேர்கள் தரைக்கு மேலே முண்டும் முடிச்சுமாகத் தெரிந்தன. அது நாள்வரை அதைப் பலம் என்று நினைத்திருந்தேன். மரத்தின் காலடியிலிருந்து மண் கழன்று போயிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எத்தனை மழை! ஒவ்வொரு மழைக்கும் நானே என் மலையைக் கூடை கூடையாக அள்ளி வேதமுத்து வீட்டு வாசலில் கொட்டியிருக்கிறேன். அந்த மனுஷன் கைராசிக்காரராம்! அன்று என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு லயத்துக்குச் சோறு வடித்திருக்கலாம்.

சரி, இதைத் துரையிடம் போய்ச் சொல்லிவிட்டால் கைராசி ஒழிந்தது. ஆனால் சொன்னால் என் மலையை நானே கெடுத்தேன் என்று ஆகும். அதுகூடப் பரவாயில்லை, மொட்டையடிக்கச் சொன்னது துரை. துரையின் உத்தரவு துரையின் தோட்டத்தைக் கெடுத்தது என்று சொன்ன கண்டக்டர் மறுநாள் எந்தத் தோட்டத்தில் வேலை தேடுவார்? வாயை மூடிக்கொண்டிருப்பதே புத்தி என்று இருந்துவிட்டேன்.

துரை ஒரு காலையில் எங்கள் இரண்டு பேரையும் எல்லைக்கு வரச்சொன்னார். மருதாயி அக்காவையும் கும்பலோடு வரச்சொல்லியிருந்தார். நான் மீசையை முறுக்கிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். துரை சுற்றிவளைக்காமல் தமது தமிழில் ஆரம்பித்தார்.

"வேதமுத்து கை நல்ல கை. புதுக்காடு அவனுக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் புல்லுவெட்டு ஆளு ரொம்ப நல்ல ஆளு. எல்லாம் அவன் கூடப் போகும். புதுக்காடு உன் மலை மாதிரி க்ளீனா இருக்கணும். சரியா?"

"சரி துரை" என்று சொல்ல வேண்டிய இடம் அது. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

புதுக்காடு செங்குத்தான சரிவு. மருதாயி அக்கா அதில் இறங்கினால் சில மழையில் மண் சாலைக்கு வந்துவிடும். மரங்கள் தேறாது. வேதமுத்துவின் கைராசி எல்லோர் கண்ணெதிரே செத்துப்போகும். நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. மலை உச்சியில் உட்கார்ந்து காலைக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தால் போதும். பொறாமைக்காரனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வாழ்க்கையில் வராது.

ஆனால் பொறாமையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று பொறுத்திருந்து பார்க்கும் சாதி. அது அரசியலுக்கும் சொத்துத் தகராறுக்கும் ஏற்றது. இன்னொன்று, எதிராளியை இன்னும் ஒரு நொடி யாராவது புகழ்ந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும் சாதி. என்னுடையது அது. "நல்ல கை" என்ற சொல் காதில் விழுந்ததும் வீடு, பிள்ளைகள், வேலை எல்லாம் மறந்துபோயிற்று.

"துரை, கை இல்லீங்க! மண்ணு!" என்று கத்திவிட்டேன்.

துரை திரும்பிப் பார்த்தார். மருதாயி அக்காவின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, புல்லை விலக்கி, அங்கேயே தோண்டினேன். சலவைச் சட்டையெல்லாம் சேறு. சிவப்பும், அதன் கீழே சாம்பலும் தெரிந்தன. துரை குனிந்து இரண்டையும் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"சிவப்பு மண் யார் மண்?"

"என் மண்ணு துரை."

"இங்கே ஏன் வந்தது?"

"மழை கொண்டாந்துச்சுங்க."

"மழை எல்லா இடத்திலும் பெய்யுது. இந்த மண் எங்கேயும் ஓடலே. உன் மண் ஏன் ஓடுது?"

"இங்க புல்லு இருக்கு துரை, புடிச்சு வச்சுக்குது. என் மலையில புல்லு இல்ல."

"ஏன் இல்லே?"

நான் மண்வெட்டியின் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். மருதாயி அக்காதான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நாங்க செதுக்கிட்டோம் தொர. நீங்க சொன்னீங்க, நாங்க செதுக்குனோம். எங்க மேல குத்தம் சொல்லாதீங்க."

துரையின் கழுத்து என் மலை மண்ணின் நிறத்துக்கு வந்தது. போச்சு என்று நினைத்தேன். அப்போது வேதமுத்து முன்னால் வந்தார்.

"அண்ணன் சொல்றது உண்மைதான் துரை. எனக்குக் கைராசியெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. ஆளு இல்ல, வெட்டல. அம்புட்டுத்தான். ஆளு இருந்தா நானும் செதுக்கியிருப்பேன்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாக் கண்டுபுடிச்சீங்கண்ணே! எனக்கே இத்தன நாளாப் புரியல."

பாருங்கள், தம்பிகளே. ஒரு மனுஷனிடமிருந்து நான் இத்தனை பாடுபட்டுப் பிடுங்க வந்ததை, அவர் பொத்தானில்லாத சட்டைப் பையிலிருந்து எடுத்து "இந்தாங்கண்ணே" என்று கொடுத்துவிட்டார். பிடுங்கும் சுகத்தைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

துரை மலையேறினார். நாங்கள் பின்னால் போனோம். ஒவ்வொரு மரமாக நின்று வெளியே தெரிந்த வேரைப் பார்த்தார். கைத்தடியால் தரையைத் தட்டினார். டொக். இந்தத் தடவை "குட்" வரவில்லை. கீழே இறங்கி வந்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"புதுக்காடு சரிவு. அங்கே புல்லு வெட்டாம விடணும். புல்லு வெட்டாம மரம் வளர்க்க யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும் துரை என்று சொல்ல வாயெடுத்தேன். என் முதுகுக்குப் பின்னால் மலை மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"வேதமுத்து, புதுக்காடு உனக்கு. புல்லுவெட்டு ஆளு கிடையாது." பிறகு என்னைப் பார்த்தார். "மலை நீ கெடுத்தே. நானும் கெடுத்தேன். நீ சரி பண்ணு." தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். வேலை தப்பியது. வீடு போயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கேட்டுவிட்டு, "நீங்களே தோண்டி, நீங்களே காட்டி, நீங்களே குடுத்துட்டு வந்தீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். சேறான சட்டையை வாங்கி ஊறப்போட்டாள். அந்த வாரமே வேதமுத்து வந்தார். "அண்ணே, எங்களுக்கு அவ்ளோ பெரிய வூடு எதுக்கு? பொம்பளப் புள்ளைங்க ரெண்டும் எங்களோட வந்து தங்கிப் படிக்கட்டும். என் பொஞ்சாதிக்கும் தொணையா இருக்கும்." பிள்ளைகளின் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போனார். இதற்கு மேலும் ஒரு மனுஷன்மேல் எப்படிப் பொறாமைப்படுவது என்று நீங்கள் கேட்கலாம். முடியும். பழக்கம் வேண்டும்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலை சும்மா இருப்பது. அதுதான் கஷ்டமான வேலை. மருதாயி அக்காவின் கும்பலிடம் புல் வெட்டாதே என்று நாளைக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. "கண்டக்டருக்கு ஒடம்பு சரியில்ல போலிருக்கு. ஒரு மந்திரிச்ச கயிறு கட்டிப் பாக்கலாமா?" என்று அக்கா என் மனைவியிடம் கேட்டாளாம். மண்வெட்டியை வேறு வேலைக்குத் திருப்பினேன். சரிவுக்குக் குறுக்கே நீளக் குழிகள் வெட்டச் சொன்னேன். ஓடிவரும் மண் அதில் தங்கும். சருகைக் கூட்டாமல் விட்டோம். எங்கிருந்தோ ஒரு பயற்றுக் கொடியைக் கொண்டுவந்து படரவிட்டோம். மழை பெய்யும்போதெல்லாம் குடையோடு குழியோரம் போய் நிற்பேன். என் மண் குழியில் தங்கிவிட்டதைப் பார்த்தால், ஓடிப்போன மாப்பிள்ளை திரும்பி வந்த மாமனார்போல நிற்பேன். கெடுத்தது சில வருஷம். சரி செய்தது என் மீதி வேலைக் காலம் முழுவதும். இன்னும் முழுசாகச் சரியாகவில்லை என்று கேள்வி. மண்ணை விரட்ட மழைக்கு ஒரு மாலை போதும், தம்பிகளே. திரும்பக் கூப்பிட்டால் அது சாவகாசமாகத்தான் வரும்.

ஆனாலும் வந்தது. என் மலையில் வேர்கள் மறுபடி மறைய ஆரம்பித்தன. பால் வாளியின் கிணிகிணிப்புக் குறைந்தது. துரை மோட்டார் வண்டியில் விருந்தாளிகளைக் கூட்டிவர ஆரம்பித்தார். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார், அவர்கள் கண்டக்டர்கள், தூரத்து ஊரான ஜெஞ்சாரோம் பக்கமிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் என் குழிகளை எட்டிப் பார்த்தார்கள். என் கொடியைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு விளக்கம் சொன்னேன்.

அப்படி ஒரு கூட்டம் வந்த நாளில் வேதமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலையேறி வந்தார். விருந்தாளிகள் போகும்வரை ஒரு மரத்தில் சாய்ந்து நின்றார். புதுக்காடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஜம்முனு இருக்குண்ணே. ஒரு பிடி மண்ணு கீழ எறங்கல. கொற ஒண்ணுமில்ல." அவர் போகும் மோட்டார் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒருத்தன் வந்து பாக்கலண்ணே. துரைகூட அந்தப் பக்கம் வரதில்ல. இங்க என்னடான்னா தெனம் திருவிழாவா இருக்கு."

"அது ஒண்ணுமில்ல தம்பி. இங்க கெட்டுப்போயிருந்துச்சு, அதான் பாக்க வராங்க."

"அதத்தாண்ணே சொல்றேன். நான் எதையும் கெடுக்கல. அது ஒரு தப்பா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இருந்தது, ஆனால் ஓரத்தில் கொஞ்சம் கோணியிருந்தது. கண் என் குழிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போயிற்று. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ காலைகளில் நான் மலை உச்சியிலிருந்து பார்த்த பார்வை அது.

அன்று மத்தியானம் நான் இரண்டாவது தடவை சோறு கேட்டேன். மூன்றாவது தடவையும் தட்டை நீட்டினேன். மனைவி அகப்பையோடு நின்று என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. வேதமுத்துக்கு வயிறு எரியுது."

"ஐயோ, என்ன சாப்ட்டாராம்?"

"நம்ம மண்ணப் பாத்து எரியுது."

அவள் இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்து, குழம்பையும் தாராளமாக ஊற்றினாள்.